ஈத்தறையும் செவலையின் கடைசிக் கன்றும்

நான் என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லலாம் என்று வைத்தால் யாராவது குறுக்கே பேசி மறக்கடித்துவிடுவார்கள்.

சீவலப்பேரிக்குப் போகிற சாலையில், உடைமரம் மண்டிக் கிடந்த ஒரு மேட்டை வெட்டித் திருத்தி மாட்டுத் தொழுவம் கட்டினேன். "இங்கன மனுசனே இருக்க மாட்டான், மாடு எப்படிவே இருக்கும்?" என்று சிரித்தார்கள். மாடு இருந்தது. மாட்டுக்குப் பின்னால் மனிதர்களும் வந்தார்கள். இன்று அங்கே டவுன் பஸ் நிற்கிறது. கண்டக்டர் "பால்பண்ணை எறங்கு" என்று கூவுகிறார். அந்த நிறுத்தம் நான் உண்டாக்கியது. உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஆள் மாற்றி ஆள் கைவிரித்த இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். ஆறு பெருகி வந்து தொழுவத்தின் பின்சுவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அடுத்த கோடைக்குள் அதைவிட உயரமாகக் கட்டினேன். வீடு கட்டினேன். பிள்ளைகளைப் பட்டணத்தில் படிக்கவைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டை மேய்த்தேன். ஆகவே என் படிப்பு மொத்தமும் மாட்டுப் படிப்புதான். அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு செவலைக் கன்று. இளவட்டமாக இருந்தபோது சைக்கிளில் பால் கேன் கட்டி, ஜங்ஷன் பக்கத்து டீக்கடைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் பால் எடுக்கிற ஒரு வீட்டில், நிற்க மாட்டாத ஒரு பெட்டைக் கன்றைக் குழி தோண்டிப் புதைக்கத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். உயிர் இருக்கிறதே என்றேன். இருந்தால் நீ கொண்டுபோ என்றார்கள். சைக்கிள் கேரியரில் கேனை எடுத்துவிட்டு, அதைக் கட்டிக் கொண்டுவந்தேன். பிழைத்தது, வளர்ந்தது, ஈன்றது. அதன் பெண்ணும் பெண்ணின் பெண்ணுமாகத்தான் என் தொழுவம் நிறைந்தது. பிறகு ஜெர்சிக் கலப்பு வந்தது, வேறு வேறு மாடுகள் வந்தன. ஆனால் அந்தச் செவலையின் வழியில் ஒன்றாவது எப்போதும் முதல் கட்டுத்தறியில் நிற்கும். அது நிற்கிற வரைக்கும் பண்ணை நிற்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

நான் கட்டியவற்றில் எனக்கு அதிகப் பெருமை ஈத்தறையில். மாடு கன்று ஈனுவதற்கென்றே தனியாக ஒரு அறை. பெயர் வைத்ததும் நான்தான். மற்றவர்கள் மாடு வேப்பமரத்தடியிலோ களத்துமேட்டிலோ ஈனும், மழை வந்தால் நனையும். என் மாடு நாலு சுவருக்குள், ஓட்டுக்கூரைக்குக் கீழே, வைக்கோல் மெத்தையில் ஈனும். மலைப்பக்கத்து ஈரக்காற்று துளியும் நுழையாது. கொத்தனார் சன்னல் வைக்கச் சொன்னார். சன்னல் வைத்தால் அது எப்படி ஈத்தறை என்று கேட்டு அவரை அடக்கிவிட்டேன். காய்ச்சல் கண்ட மாட்டையும் அங்கேதான் கட்டுவேன், கழிச்சல் கண்ட கன்றையும் அங்கேதான் படுக்கப்போடுவேன். பிரசவ வார்டும் ஆஸ்பத்திரியும் ஒரே இடத்தில். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் மெச்சினார்கள்.

அந்த அறையின் கதவைத் திறக்கவே நான் பயந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளத்துக்குப் பயப்படாதவன் நான். தொழுவத்தில் படம் எடுத்து நின்ற நல்லபாம்பைக் கம்பால் ஒதுக்கிவிட்டு, அதே மூச்சில் பால் கறந்தவன். என்னைப் போய் ஒரு கன்றுக்குட்டியின் வால் நடுங்கவைத்துவிட்டது.

அது ஐப்பசி மழை. ஒரு ஜெர்சிக் கலப்பு ஈத்தறையில் கன்று போட்டது. கன்று கொழுகொழுவென்று இருந்தது. மறுநாள் துள்ளியது. அதற்கு மறுநாள் காலையில் வாலும் பின்னந்தொடையும் நனைந்திருந்தன. வெள்ளையும் மஞ்சளுமாகத் தண்ணீராய்ப் பீச்சியது. கிட்டே போனால் புளித்த நாற்றம். மாதுளம் தோலை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். பொழுது சாய்வதற்குள் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. வாய்க்குள் விரலை விட்டேன். உறிஞ்சவில்லை. வாயும் ஜில்லென்று இருந்தது. கன்றின் வாய் அப்படிக் குளிர்ந்து நான் அதுவரை தொட்டதில்லை. அப்படியே போய்விட்டது.

பண்ணை என்றால் ஒன்று சாவதும் உண்டுதான். ஆனால் அடுத்த மாடு ஈன்றது, அந்தக் கன்றும் அதே போல. அதற்கடுத்த கன்றும் அதே போல. எல்லாம் துள்ளின, எல்லாம் நனைந்தன, எல்லாம் குளிர்ந்தன. அதற்குப் பிறகு நான் காலையில் கன்றின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கதவை ஒரு சாண் திறந்து வாலைத்தான் பார்ப்பேன். வால் காய்ந்திருந்தால் அன்றைக்குத் தொண்டையில் காப்பி இறங்கும்.

என் மனைவியின் தம்பி எங்களோடுதான் இருக்கிறார். பால் கறப்பது, தீவனம் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"அத்தான், இது செய்வென. யாரோ வச்சிருக்கான்."

"எவம்லே வச்சது?"

"ஒங்களப் புடிக்காதவன்."

"அப்படின்னா ஊருல பாதிப் பேருல்லா வச்சிருக்கணும்?"

"ஏன், பாதியோட நிறுத்திட்டிய?" என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி.

சிரித்தேன். ஆனால் அன்றைக்கே ஈத்தறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லிவிட்டேன். அவள் சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்துகொண்டாள். நான் தடுக்கவில்லை. பயந்தவன் எதைத் தடுப்பான்?

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். கன்று செத்தால் தாய் பாலை அடக்கிக்கொள்ளும், மடியைத் தொட விடாது. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவி, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, காலுக்கு நாலு கம்பு வைத்துத் தாயின் முன்னால் நிறுத்துவோம். தாய் அதை நக்கும். நக்க நக்கப் பால் சுரக்கும். இதுதான் வைக்கோல் கன்று. இன்று பலர் ஊசி போட்டுக் கறக்கிறார்கள். நான் போட மாட்டேன். நான் தைத்த வைக்கோல் கன்றைப் பார்த்து நாய் குரைக்கும், அவ்வளவு நேர்த்தி. அந்த மழைக்காலத்தில் செத்த கன்றுகளுக்கெல்லாம் செய்தேன். கறக்கிற நேரத்தில் தாயிடம் தூக்கிப்போவோம். கறந்து முடித்ததும் மழையில் நனையாமல் வைக்க வேண்டுமே? பண்ணையிலேயே நனையாத இடம் ஈத்தறை. அங்கே மூலையில் நிறுத்திவைப்பேன். புதிதாகப் பிறந்த கன்று வைக்கோலில் தள்ளாடி எழும்போது அவை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கண் இருந்த இடத்தில் ஓட்டைதான். தோல் சரியாகக் காயாமல் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும்.

கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாவை மைத்துனர்தான் போன் போட்டு வரவழைத்தார். எனக்குத் தெரியாமல் போட்டார். என் மாட்டுக்கு நான் வைத்தியம் பார்க்க முடியாமல் ஆள் கூப்பிட்டதாக ஊரில் பேசுவார்களே என்ற வருத்தம் எனக்கு இருந்தது. டாக்டரம்மா இந்தப் பக்கத்துப் பெண்தான். பேச்சிலேயே தெரியும். அப்போது ஈத்தறையில் ஒரு கன்று கழிந்துகொண்டு கிடந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, மூலையில நிக்கது என்ன?"

"என் கைவேலைதான். எப்படி இருக்கு?"

"எதுல செத்த கன்னு?"

"கழிச்சல்லதான்."

"ரெண்டுமா?"

"இன்னொண்ணு தைக்கப் போட்டிருக்கேன். வெளிய உப்புல கெடக்கு."

அவர் முகம் போன போக்கு சரியில்லை. பொதுவாக டாக்டர்கள் மாட்டைப் பார்த்துத்தான் முகம் சுளிப்பார்கள். இவர் அறையைப் பார்த்து, தரையைப் பார்த்து, கடைசியில் என் கையைப் பார்த்தார்.

"இந்தக் கையோடதான் அடுத்த கன்ன ஏந்தினியளா?"

"பெறகு வேற கைக்கு எங்க போவ?"

"சோப்பு?"

வைக்கோலில் துடைத்துக்கொள்வேன் என்றேன். அவர் கிடந்த கன்றின் சாணத்தைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டார். சோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். கன்றுக்கு ஊசியில் நீர் ஏற்றினார். ஏற்றும்போதே, "நேரங்கழிச்சுக் கூப்பிட்டிய" என்றார். அது சாயங்காலம் போய்விட்டது.

சோதனை முடிவு வந்த பிறகு மறுபடி வந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொடுத்தோம். ஏதோ ஒரு பெயர் சொன்னார், ஈ-கோலை என்று. பிறந்த சில நாளிலேயே கன்றைத் தாக்குவது இந்த வகைதானாம். இன்னும் இரண்டு மூன்று கிருமி இதே வேலையைச் செய்யுமாம். ஒன்று காய்ச்சலும் ரத்தமுமாகக் கழியவைக்கும், அது மனிதருக்கும் ஒட்டும். இன்னொன்று நன்றாகக் குடித்து வளர்கிற கன்றையே திடுக்கென்று சாய்க்கும். அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. பயம் மட்டும் நுழைந்தது.

"எங்கேருந்து வருது இது?" என்றேன்.

"புதுசா எங்கேருந்தும் வரல அண்ணாச்சி. பெரிய மாட்டு வயித்துலயே இருக்கும். அதுக்கு ஒண்ணும் செய்யாது. சாணத்துல வெளிய வரும். ஒரே ரூம்புல நோயாளி மாட்டையும் கட்டி, கழியுத கன்னையும் போட்டு, புது மாட்டையும் ஈன விட்டா, அது ஒண்ணுக்குப் பத்தாப் பெருகும். வெயில் இல்ல, காத்து இல்ல, வைக்கோலு காயல. அதுக்கு இதவிடச் சொகமான வீடு கெடைக்காது."

சொகமான வீடு. நான் கட்டிய வீடு.

"அப்ப எல்லாக் கன்னும் சாகணுமே? மரத்தடியில ஈனுத கன்னு எதுவும் கழியாதா?"

"கழியும். ஆனா தாங்கும். நீங்க சீம்பால் எப்பக் குடுப்பிய?"

அதற்கு என் மனைவி பதில் சொன்னாள். "நஞ்சுக்கொடி விழுந்த பெறகுதான். அதுக்கு முன்ன மடியில கை வைக்கப்படாதுல்லா."

"கொடி விழ எம்புட்டு நேரமாகும்?"

"சில மாடு ஒடனே போடும். சிலது பொழுதடையுத வரைக்கும் போடாது."

டாக்டரம்மா பைய, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். மனிதப் பிள்ளைக்குத் தாய் வயிற்றிலேயே எதிர்ப்பு சக்தி கொஞ்சம் வந்துவிடும், கன்றுக்கு அப்படி வராது, வெறும் உடம்போடு பிறக்கும். நோயை எதிர்ப்பதற்கானது அத்தனையும் முதல் சீம்பாலில்தான் இருக்கிறது. பிறந்த கொஞ்ச மணி நேரத்துக்குத்தான் கன்றின் குடல் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். நேரம் போகப் போக வாங்காது. மறுநாள் குடம் குடமாகக் கொடுத்தாலும் அது வெறும் தீனி.

"நீங்க கொடி விழட்டும்னு காத்துக்கிட்டு இருக்கியள்லா, அந்த நேரத்துல கன்னு சும்மாவா இருக்கு?"

சும்மா இருக்காது. தரையை நக்கும். வைக்கோலைச் சப்பும். பசியில் கத்தும்போது மனம் கேட்காமல் நான் என் விரலைச் சப்பக் கொடுப்பேன். செத்த கன்றின் தோலை உரித்த விரல்.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது. வெள்ளம் வந்தால் இரைச்சல் கேட்கும். பாம்பு வந்தால் கோழி காட்டிக்கொடுக்கும். இது ஒரு சத்தமும் இல்லாமல் என் நகக்கண்ணில் உட்கார்ந்து வந்திருக்கிறது. அன்று மத்தியானம் சோற்றில் கை வைக்கப் போனவன் எடுத்துக்கொண்டேன். மனிதருக்கும் ஒட்டும் என்று ஒன்றைச் சொன்னாரே, அது எது, இதுவா அதுவா? என் மனைவி சோறு பரிமாறும்போது நான் அவள் கையைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். இருவரும் எழுந்துபோய் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தோம். எத்தனையோ வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒருவர் கையை மற்றவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதற்கு நடுவில் முதல் கட்டுத்தறியில் செவலை நின்றுகொண்டிருந்தது, நிறைசினையாக. மடி இறங்கிவிட்டது. நான் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த கன்றின் வழியில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். வயதான மாடு. இதற்கு மேல் சினை நிற்காது என்று டாக்டரம்மாவும் வந்தபோது பார்த்துச் சொல்லியிருந்தார். இந்தக் கன்றும் குளிர்ந்துபோனால் அந்த வழி அதோடு முடிந்தது. செவலை என்னைப் பார்த்து அசைபோடும்போதெல்லாம், "என்ன செய்யப்போற?" என்று கேட்பது போலிருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள்.

வைக்கோல் கன்றுகளை நானே தூக்கிக்கொண்டு போய், பண்ணைக்கு வெளியே வாய்க்கால் மேட்டில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தேன். தைக்கப் போட்டிருந்த தோலையும் சேர்த்தே போட்டேன். அதில் ஒரு கன்றின் தாய் தொழுவத்தில் கட்டியிருந்தது. முடி பொசுங்குகிற வாடை அதற்குப் போயிருக்க வேண்டும். கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அன்று முதல் அந்த மாடுகள் பாலை அடக்கிவிட்டன. அடக்கட்டும் என்றேன்.

பிறகு ஏணியைச் சாத்தி ஈத்தறைக் கூரையில் ஏறினேன்.

"அத்தான், எறங்குங்க! இந்த வயசுல எதுக்கு இந்த வேல? ஆள் கூப்பிட்டுக்கிடலாம்" என்று மைத்துனர் கீழே நின்று கத்தினார்.

"ஏத்தினது நான்தாம்லே. எறக்குததும் நான்தான். நீ ஓட்ட வாங்கு."

ஒவ்வொரு ஓடாகப் பிரித்துக் கீழே கொடுத்தேன். மழை விட்ட இடைவெளியில் வெயில் உள்ளே விழுந்தது. அந்த அறையின் தரையில் வெயில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மெத்தை மெத்தை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வைக்கோலுக்கு அடியில் கறுப்பாக, கூழாக, நொதித்துப்போய்க் கிடந்தது. அள்ளி வெளியே கொட்டினோம். தரையைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். அப்படியே திறந்து போட்டுவிட்டேன். ஒரு மாட்டையும் உள்ளே விடவில்லை.

செவலைக்கு மோட்டார் ரூம் பக்கத்தில், தென்னைக்கு நடுவே, எந்த மாடும் கட்டாத மேட்டு நிலத்தில் இடம் பார்த்தேன். மேலே தார்ப்பாய், பக்கமெல்லாம் திறப்பு, கீழே புது வைக்கோல். மைத்துனருக்குப் பொறுக்கவில்லை.

"ஈத்தற கட்டி ஊரக் கூட்டிக் காமிச்சிட்டு, இப்ப தென்ன மூட்டுல கட்டுதிய. பாக்கவன் என்ன சொல்லுவான்?"

"சொல்லட்டும்."

"கூதல்ல கன்னு வெறச்சுரும் அத்தான்."

"வெறச்சா சாக்கப் போத்தி நான் மடியில வச்சுக்கிடுதேன். போலே."

செவலை ஈன்றது காலை வெயிலில். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன், மடியையும் கழுவினேன். கன்று தரையைத் தொட்டதும் தொப்புளில் டாக்டரம்மா கொடுத்திருந்த டிஞ்சரைத் தடவினேன். பெட்டைக் கன்று. அசல் செவலை, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளை. தாய் நக்கியது. கன்று தலையை ஆட்டியது. நான் அதைத் தூக்கி மடிக்குக் கொண்டுபோனேன்.

"ஏங்க, கொடி தொங்குதுங்க!" என்று என் மனைவி அலறினாள். "கொடி விழலங்க. இப்பப் பால எடுத்தா கொடி உள்ள ஏறிக்கிடும். மாடும் போயிரும், கன்னும் போயிரும். நான் சொல்லுதத ஒரு தடவயாவது கேளுங்க."

அவள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. நானும் அதை நம்பியே வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் அதை மீறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. டாக்டரம்மா அங்கே இல்லை, வேறு ஊரில் ஏதோ முகாமுக்குப் போயிருந்தார். மீறினால் கன்றோடு தாயும் போகலாம், மீறாவிட்டால் பழையபடி வால் நனையும். என் கை நடுங்கிய நடுக்கத்தில் கன்றுக்குக் காம்பு பிடிபடவில்லை. இரண்டு தடவை நழுவியது.

"மாடு போனா நான் போனதா நெனச்சுக்கோ" என்று சொல்லிக் காம்பை அதன் வாயில் வைத்தேன்.

உறிஞ்சியது. மஞ்சளாக, கெட்டியாக, வாயோரம் வழிய வழிய உறிஞ்சியது. வால் ஆடியது. நானும் அவளும் மைத்துனரும் கன்றைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் மாட்டின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கால் மரத்துவிட்டது. கன்று ஒரு பக்கக் காம்பை விட்டு மறு காம்புக்குப் போய், முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தபோது, செவலை முதுகை வளைத்து முக்கியது. கொடி முழுசாக விழுந்தது.

என் மனைவிதான் சொன்னாள். "செவலங்கதால விழுந்திச்சு. வேற மாடா இருந்தா தெரிஞ்சிருக்கும்."

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் பெருமைக் கதை. முடியவில்லை.

சில நாள் கழித்து, காலையில் தென்னந்தோப்புக்குப் போனேன். கன்று நின்றுகொண்டிருந்தது. வால் நனைந்திருந்தது.

நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சளும் வெள்ளையும். அதே நாற்றம். எரித்தாயிற்று, பிரித்தாயிற்று, வழக்கத்தை மீறியாயிற்று, இனி என்னிடம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த மேட்டில் உடைமரம் வெட்டிய காலத்தில்கூட அப்படி வெறுங்கையோடு நின்றதில்லை. செவலை என்னைப் பார்த்து அசைபோட்டது.

என் மனைவி பின்னால் வந்தவள் பார்த்துவிட்டாள். என்னைத் தாண்டிப் போய்க் கன்றின் வாயில் விரலை விட்டாள்.

"வாய் சூடா இருக்கு."

எனக்குக் காது கேட்கவில்லை.

"ஏங்க, ஒங்களத்தான். வாய் சூடா இருக்கு. விரலச் சப்புது. மரத்த விட்டுட்டு இங்கன வாங்க."

மைத்துனர் போன் போட்டார். டாக்டரம்மா வந்தார். முன்பு வந்தபோது பார்த்த முகம் இல்லை. கண் குழி விழவில்லை, எழுந்து நிற்கிறது, உறிஞ்சுகிறது, இது தாங்கும் என்றார். சீம்பால் உள்ளே போயிருப்பதால் கிருமியோடு சண்டை போட உடம்பில் தெம்பு இருக்கிறதாம். போகிற நீரை ஈடுகட்டினால் போதும். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுக்கச் சொன்னார், பாலையும் நிறுத்தக் கூடாது என்றார். என் மனைவி பாட்டிலும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கன்றைப் பார்ப்பவள் வேறு மாட்டைத் தொடுவதில்லை என்று ஏற்பாடு. அவளுக்குச் சோறு தோப்புக்கே போயிற்று. நான் கிட்டே போகவில்லை. போகப் பயம். கொஞ்சம் தள்ளி, வாளித் தண்ணீரும் சோப்புமாக நின்றுகொண்டு, "இப்ப எப்படி இருக்கு? இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இன்னொரு தடவ கேட்டா இந்தப் பாட்டில ஒங்க வாயில வச்சிருவேன்" என்றாள்.

வால் காய்ந்தது. நானே பார்த்தேன், கிட்டே போய், கையால் தொட்டுப் பார்த்தேன். கன்று திரும்பி என் முழங்காலில் முட்டியது. அதன் பிறகு ஈன்ற மாடுகளும் தோப்பு மேட்டில்தான் ஈன்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு இடம், புது வைக்கோல், பிறந்ததும் சீம்பால். சில கழிந்தன. எதுவும் சாகவில்லை. ஆனாலும் இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது வாலைத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசம் எங்கள் ஊரில் கால்நடை முகாம் நடந்தது. பந்தல், மைக், கூட்டம். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா பேசினார். கொடி விழக் காத்திருக்காதீர்கள் என்றார். நோய் கண்டதையும் ஈனப்போவதையும் ஒரே இடத்தில் கட்டாதீர்கள் என்றார், கையைக் கழுவுங்கள் என்றார். எல்லாம் சரி. பிறகு, "இங்க பக்கத்துல ஒரு பண்ணையில இப்படித்தான் நடந்திச்சு" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். ஒரு பண்ணையாம். யாருடைய பண்ணை என்று சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் என் மைத்துனர் நாலு பேரை நிறுத்திவைத்து, "நாந்தான் போன் போட்டேன்" என்கிறார். என் மனைவி பெண்கள் பக்கத்தில், பாட்டில் பிடித்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் டாக்டரம்மாவிடம் போனேன்.

"ஏன் என் பேரச் சொல்லல?"

"கன்னுக செத்ததும் கதையில வருதே அண்ணாச்சி. ஒங்களுக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேருன்னுதான்."

நல்ல மனசு. ஆனால் கணக்கு தப்பு. மருந்து டாக்டரம்மாவுடையது, ஒத்துக்கொள்கிறேன். போன் மைத்துனருடையது, பாட்டில் என் மனைவியுடையது. கொடி தொங்கும்போது காம்பை எடுத்துக் கன்றின் வாயில் வைத்த கை என்னுடையது. டாக்டரம்மா சொன்னதை ஊரில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். நடுங்கிக்கொண்டே செய்தது நான். நேர்த்தியாகத் தைத்ததை எரித்ததும் நான், பெருமையாக ஏற்றிய ஓட்டை இறக்கியதும் நான். செத்த கன்றுகளும் என் பண்ணைக் கன்றுகள்தான். அவற்றைச் சொல்லாமல் பிழைத்ததை மட்டும் சொன்னால், நான் எதற்குப் பயந்தேன் என்று யாருக்குப் புரியும்?

கோடையில் மறுபடி முகாம் இருக்கிறதாம். செவலையின் கன்றையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில்தான் உட்காருவேன். "ஒரு பண்ணையில" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து நிற்பேன். என் பண்ணை என்று சொல்லுங்கள். செத்ததையும் சேர்த்து, என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.